உளப்பிளவு நோய் ஆராய்ச்சியின் வரலாறு

உடலைப் பற்றும் நோய்கள் பலவற்றின் மூலகாரணத்தை மருத்துவ அறிஞர் கண்டு தெளிந்துள்ளனர். மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது நுளம்பு என்பதும், காசநோயை விளைப்பது கண்ணுக்குப் புலனாகாத கிருமி என்பதும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்திகளாம். உள்ளத்தைப் பற்றும் நோய்களின் வரலாறோ அத்துணை நேரிய வழியிற் சென்றதன்று. அவற்றுள்ளும், உளப்பிளவு நோய் என்றும் மனச்சிதைவு நோய் என்றும் தமிழில் வழங்கும் சிசோபிரீனியாவைப் பற்றி மருத்துவ உலகம் ஐயமின்றித் துணிந்துரைத்த முடிபுகள் பல, பின்னர்ப் பிழையெனக் கைவிடப்பட்டன. அந்நோய் தீராதது என்று ஒரு காலத்தும், தீர்க்கும் வழி கிடைத்துவிட்டது என்று மற்றொரு காலத்தும், அதனை விளைத்தவள் பெற்ற தாயே என்று பிறிதொரு காலத்தும் அறிஞர் உரைத்தனர். இம்மூன்று துணிபுகளும் எழுந்த வகையையும் வீழ்ந்த வகையையும் ஆராய்தல், மருத்துவம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, இளைஞரோடு பழகும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன் தருவதாகும்.

இளைஞரைக் குறிப்பாக எடுத்துரைத்தற்குக் காரணம் உண்டு. இந்நோய் பெரும்பாலும் 16 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையிலேயே தோன்றுகின்றது. நன்கு கற்றுவந்த மாணவன் ஒருவன் படிப்பிற் பின்னடைகின்றான், நண்பரை விட்டு ஒதுங்குகின்றான், உறக்கம் குறைகின்றது, தூய்மை பேணுதலும் கைநழுவுகின்றது. சோம்பல் என்றும் செருக்கு என்றும் பிறர் கருதியிருக்க, அவன் செவியில் எவரும் பேசாத பேச்சு ஒலிக்கத் தொடங்குகின்றது. தன்னை யாரோ பின்தொடர்வதாகவும், தன் எண்ணங்களைப் பிறர் அறிந்துகொள்வதாகவும் அவன் உறுதியாக நம்புகின்றான். அவன் பேச்சில் ஒரு கருத்துக்கும் அடுத்த கருத்துக்கும் உள்ள தொடர்பு அறுகின்றது. உலகில் இந்நோயுடையோர் ஏறக்குறைய 2 கோடி 40 இலட்சம் பேர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஆணென்றும் பெண்ணென்றும், செல்வரென்றும் வறியரென்றும் வேறுபாடின்றி எல்லா நாட்டினரையும் இது பற்றுகின்றது.

சித்தம் பிறழ்தலைப் பண்டை மருத்துவரும் அறிந்திருந்தனர். சரக சங்கிதை என்னும் ஆயுள்வேத நூல் உன்மாதத்தை ஐவகையாகப் பகுத்து ஆராய்கின்றது. ஆயின் அவ்வகைகளுள் இன்று உளப்பிளவு எனப்படுவது இதுவே என்று ஒன்றைச் சுட்டுதல் அரிது. ஐரோப்பாவில் இந்நோயின் இயல்பு தெளிவாகப் புலப்படும் பழைய பதிவுகளுள் ஒன்று, ஜேம்ஸ் தில்லி மத்தியூஸ் என்னும் தேயிலை வணிகரைப் பற்றியது. இவர் 1797இல் இலண்டனிலுள்ள பெத்லெம் வைத்தியசாலையில் அடைக்கப்பட்டார். நகரில் மறைந்து வாழும் கூட்டத்தினர் சிலர் ‘காற்றுத்தறி’ என்னும் பொறியை இயக்கித் தம் எண்ணங்களை ஆட்டுவிப்பதாக இவர் நம்பினார். அங்கு மருந்தாளராயிருந்த ஜோன் ஹஸ்லம் இவரைப் பற்றி 1810இல் ஒரு தனிநூல் எழுதினார். இதே மத்தியூஸ், பெத்லெமுக்குப் புதிய கட்டடம் அமைத்தற்கு வரைபடங்கள் வரைந்து கொடுத்து, வைத்தியசாலை ஆளுநரிடம் பரிசுப் பணமும் பெற்றார். ஓர் உள்ளத்திலே காற்றுத்தறியும் கட்டடக்கலையும் ஒருங்கு இருந்தன என்பது ஊன்றி நோக்கத்தக்கது. நோயுற்றவனிடத்தில் நோய் தீண்டாத பகுதியும் உண்டு என்பதே அதன் பொருள்.

இனி, இந்நோயைத் தனிநோயாக வரையறுத்தவர் ஜேர்மனிய மருத்துவர் எமில் கிரப்பெலின் ஆவர். இவர் நோயாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு சீட்டு வைத்து, நோய்க்குறிகளையும் நோய் சென்ற போக்கையும் அதிற் குறித்துவந்தார். குறிகளை மட்டும் நோக்கின் நோய்கள் ஒன்றோடொன்று மயங்கும். தொடக்கம் முதல் இறுதிவரை நோக்கினாலே பிரிவு தெளிவாகும் என்பது இவர் கொள்கை. அவ்வாறு பகுத்தபோது, உவகையும் சோர்வும் மாறிமாறி வந்து நீங்கும் நோய் ஒரு புறமாகவும், இளமையில் தொடங்கி அறிவை அழித்துச்செல்லும் நோய் மறுபுறமாகவும் நின்றன. பின்னதற்கு ‘இளமை அறிவழிவு’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இவர் 1893இல் வழங்கினார். 1899இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் இப்பகுப்பை நிலைநாட்டினார். கிரப்பெலினின் பணி பெரியது. இன்றைய உளமருத்துவப் பகுப்பும் அதன்மீதே நிற்கின்றது. ஆயினும் அவர் இட்ட பெயரிலேயே தீர்ப்பும் அடங்கிவிட்டது. ஒரு சிலர் தேறியதை அவரே குறித்திருந்தும், அப்பெயரைப் பெற்றவன் அழிந்தே தீர்வான் என்னும் எண்ணம் வைத்தியசாலைகளில் வேரூன்றியது.

இத்தீர்ப்பை அசைத்தவர் சுவிற்சர்லாந்து நாட்டு யூஜின் புளொய்லர். சூரிச் நகருக்கு அண்மையிலுள்ள சொல்லிக்கோன் என்னும் ஊரிலே 1857இல் பிறந்த இவர், அப்பகுதி மக்களின் பேச்சுமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். சூரிச்சின் பேர்கோல்சிலி வைத்தியசாலையை இவருக்கு முன் நடத்திய ஜேர்மனிய மருத்துவர்க்கு அம்மொழி விளங்காமையால் நோயாளர் பேச்சும் விளங்கவில்லை என்பது ஊர்மக்களின் மனக்குறையாயிருந்தது. கிரப்பெலினும் தோர்ப்பாற்றிற் பணியாற்றிய காலத்தில், எஸ்தோனிய மொழி பேசிய நோயாளரோடு மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே உரையாடினார். புளொய்லரோ 1886 முதல் 1898 வரை ரைன் நதியிலுள்ள ரைனோ என்னுந் தீவிலமைந்த வைத்தியசாலையில் நோயாளரோடு கலந்து வாழ்ந்தார். அவர்தம் பேச்சைக் கேட்டார். அவர்களுக்கு வேலை வகுத்தளித்தார். இவருடைய தமக்கையாரும் இத்தகைய நோயால் வருந்தியவர். பேர்கோல்சிலியின் தலைவரான பின்னர் அவரைத் தம் இல்லத்திலேயே வைத்துப் புளொய்லர் பேணினார். நோயின் நெடும்போக்கை அவர் அறிந்தது ஏடுகளால் மட்டுமன்று.

இவ்வாறு கண்டவற்றைக் கொண்டு, இந்நோய் எப்பொழுதும் இளமையில் தோன்றுவதுமன்று, எப்பொழுதும் அறிவழிவில் முடிவதுமன்று என்று புளொய்லர் துணிந்தார். 1908 ஏப்பிரல் மாதத்தில் பேர்லின் நகரிற் கூடிய ஜேர்மனிய உளமருத்துவர் அவையிலே ‘சிசோபிரீனியா’ என்னும் புதுப்பெயரை முன்வைத்தார். 1911இல் விரிந்த நூலொன்றும் வெளியிட்டார். கிரேக்க மொழியிற் பிளவையும் உள்ளத்தையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கையே இப்பெயர். நினைவு, உணர்ச்சி, விருப்பம் என்பன ஒன்றோடொன்று இணைந்து தொழிற்படாது தனித்தனியே பிரிந்து நிற்றலையே அவர் பிளவு என்றார். ஒருவன் இருவேறு மனிதராய் மாறிமாறி வாழ்தல் என்று பொதுமக்கள் கொள்ளும் கருத்து இதற்கு முற்றிலும் அயலானது. நோய் ஒன்றன்று, ஒரு தொகுதி என்பதையும் அவர் தம் நூலின் தலைப்பிலேயே சுட்டினார்.

பெயர் மாறியதேயன்றி மருந்து கிடைத்திலது. மருந்தின்மை மருத்துவனைத் துணிகரச் செயல்களுக்குத் தூண்டுதல் இயல்பு. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்துத் திரென்டன் வைத்தியசாலைக்கு 1907 முதல் 1930 வரை தலைவராயிருந்த ஹென்றி கொட்டன், உடலில் மறைந்துள்ள கிருமிச் சீழே பித்துக்குக் காரணம் என நம்பி, நோயாளரின் பற்களைப் பிடுங்கினார். பலர்க்குப் பெருங்குடலையும் வெட்டி நீக்கினார். பெரும்பாலோர் குணமடைந்ததாக அவர் அறிவித்தார். உண்மையில் சத்திரசிகிச்சையால் மாண்டோர் பலர். லிஸ்பன் நகரில் எகாஸ் மொனிஸ் 1935இல் மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். 1949இல் அதற்கு நோபெல் பரிசும் பெற்றார். நோயாளரின் கலக்கத்தோடு அவர்தம் ஊக்கத்தையும் அறுத்த அச்சிகிச்சை பின்னர் வழக்கொழிந்தது. உரோம் நகரிலே செர்லெற்றியும் பினியும் 1938இல் தொடங்கிய மின்னதிர்ச்சிச் சிகிச்சை மட்டும், மயக்கமருந்தின் துணையோடு திருத்தமுற்று, கடுஞ்சோர்வு நோய்க்கும் உடல் விறைத்துநிற்கும் நிலைக்கும் பயனுள்ளதாய் நிலைத்தது.

இக்காலத்துச் சிகிச்சைகளுள் மிகுந்த நன்மதிப்புப் பெற்றது இன்சுலின் மயக்கச் சிகிச்சையாகும். நீரிழிவு நோயாளர்க்கு உயிர்மருந்தான இன்சுலினை மிகுதியாகச் செலுத்தின், குருதியிலுள்ள சர்க்கரை குறைந்து, மனிதன் ஆழ்ந்த மயக்கத்தில் வீழ்வான். இதனை உளப்பிளவு நோய்க்கு மருந்தாகப் பயன்படுத்தலாம் என வியன்னாவில் மன்பிரட் சாக்கல் 1933இல் அறிவித்தார். வாரத்தில் ஐந்தாறு நாள் காலையில் ஊசியேற்றி, மயக்கத்தில் ஏறக்குறைய ஒரு மணிநேரம் கிடத்தி, பின்னர் மூக்கின் வழியாகச் சர்க்கரைக் கரைசல் ஊட்டி எழுப்புவர். ஒருவர்க்கு ஐம்பது, அறுபது முறை இவ்வாறு செய்தலும் உண்டு. எழாது இறந்தோரும் உளர். ஆயினும் வெற்றிச் செய்திகள் குவிந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கெனத் தனிவிடுதிகளும் தனிப்பயிற்சி பெற்ற தாதியரும் அமைந்தனர்.

இருபது ஆண்டுகள் இந்நம்பிக்கை ஆட்சி செய்தது. 1953இல் ஹரோல்ட் போர்ண் என்னும் இளம் மருத்துவர், இன்சுலினின் பெருமை வெறும் கட்டுக்கதையே என ‘லான்செற்’ என்னும் ஆங்கில மருத்துவ வெளியீட்டில் எழுதினார். மூத்த மருத்துவர் பலர் சினங்கொண்டு மறுத்தனர். 1957இல் பிரையன் அக்னரும் அவரோடு உழைத்தோரும் இவ்வழக்கைத் தீர்க்கும் பரிசோதனையொன்றின் முடிவை வெளியிட்டனர். நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையால் இரு குழுவாக்கி, ஒரு குழுவினர்க்கு இன்சுலினாலும் மற்றக் குழுவினர்க்குத் துயில்மருந்தாலும் மயக்கம் ஊட்டினர். ஏனைய பேணுதலெல்லாம் இருசாரார்க்கும் ஒன்றே. முடிவில் இரு குழுவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. இன்சுலினுக்கென நெடுங்காலம் பாராட்டப்பெற்ற பயன் இன்சுலினுடையதன்று என்பது தெளிவாயிற்று.

அங்ஙனமாயின் முன்னையோர் கண்ட முன்னேற்றம் எங்கிருந்து வந்தது? நோய் புதிதாகத் தோன்றிய, தாமே தேறும் வாய்ப்புள்ள நோயாளரே அவ்விடுதிகளுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்பது ஒரு விடை. மற்றொரு விடை இதனினும் கருதத்தக்கது. ஏனைய கூடங்களில் நூற்றுக்கணக்கானோரிடையே பெயரின்றிக் கிடந்த நோயாளன், இவ்விடுதியிலே நாள்தோறும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டான், தாதியர் அருகிருந்து பேணினர், உணவூட்டினர், உரையாடினர், அவன் தேறுவான் என எல்லோரும் எதிர்பார்த்தனர். மருந்து பொய்த்தபோதும் பேணுதல் பொய்க்கவில்லை எனலாம்.

உண்மை மருந்து வேறொரு வழியால் வந்தது. பிரான்சு நாட்டுக் கடற்படைச் சத்திரவைத்தியர் ஹென்றி லாபோரி, சத்திரசிகிச்சையின் அதிர்ச்சியைத் தணிக்கும் மருந்தொன்றைத் தேடினார். 1950இல் இரசாயன முறையால் ஆக்கப்பட்ட குளோர்புரோமசீன், நோயாளரை உறக்கத்தில் ஆழ்த்தாமலே அமைதிப்படுத்துவதை அவர் கண்டார். 1952இல் பாரிஸ் நகரத்துச் சென்ற் ஆன் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் என்னும் இருவர் அதனை உளநோயாளர்க்குக் கொடுத்தனர். ஆரவாரம் அடங்கியது மட்டுமன்று; செவியில் ஒலித்த குரல்களும் தணிந்தன. அதே ஆண்டிலே சர்ப்பகந்தா என்னும் மூலிகையிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைச் சுவிற்சர்லாந்தில் பிரித்தெடுத்தனர். அம்மூலிகை பித்தையும் குருதியமுக்கத்தையும் தணிக்கும் எனக் கல்கத்தா மருத்துவர் சென், போஸ் என்போர் 1931இலேயே எழுதியிருந்தனர். தீய பக்கவிளைவுகளால் ரெசர்ப்பின் பின்னர் விலகியது, குளோர்புரோமசீன் நிலைத்தது. இன்சுலினுக்கு இல்லாதிருந்த சான்று அதற்குக் கிடைத்தது. அமெரிக்க வைத்தியசாலைகள் பல சேர்ந்து நடத்தி 1964இல் வெளியிட்ட ஒப்பீட்டுப் பரிசோதனையில், குளோர்புரோமசீனும் அவ்வகை மருந்துகளும் வெற்றுக்குளிகையினும் தெளிவாகச் சிறந்தன.

ஆயினும் இம்மருந்துகள் குறையற்றவையல்ல. கைந்நடுக்கம், உடல் விறைப்பு, வாயும் நாவும் தாமே அசைதல் ஆகிய துன்பங்கள் பலர்க்கு உண்டாயின. இவற்றை விளைக்காத குளோசபின் என்னும் மருந்து ஐரோப்பாவிற் புகுந்தபோது, 1975இல் பின்லாந்து நாட்டில் சிலர் குருதியின் வெண்கணங்கள் அழிந்து மாண்டமையால் பல நாடுகளில் ஒதுக்கப்பட்டது. பின்னர் ஏனைய மருந்துகளால் தேறாத 268 நோயாளரிடத்து அமெரிக்காவில் அது பரிசோதிக்கப்பட்டது. 1988இல் வெளிவந்த முடிவின்படி, குளோசபின் பெற்றோருள் நூற்றுக்கு 30 பேரும் குளோர்புரோமசீன் பெற்றோருள் நூற்றுக்கு 4 பேரும் நலம் பெற்றனர். குருதியை ஒழுங்காகச் சோதித்து வழங்கவேண்டும் என்னும் விதியோடு அது மீண்டும் வழக்கிற்கு வந்தது. மூளையில் ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கடத்தும் டோபமின் என்னும் பொருளின் தொழிலை இம்மருந்துகள் தடுக்கின்றன என்னும் கருத்துக்கு, சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 1963இல் அடிகோலினார்; டோபமினைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். டோபமினை நேரே தடுக்காத புதுவகை மருந்தொன்றுக்கு 2024இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

இனி நோயின் காரணத்தை நோக்குவோம். 1948இல் பிரீடா பிறோம்-ரைக்மன் என்னும் உளமருத்துவர், பிள்ளையை அன்பின்றி அடக்கியாளும் தாயே இந்நோயை விளைப்பவள் என்னும் கருத்துக்குப் பெயரொன்று கொடுத்தார். அக்கருத்து அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செல்வாக்குற்றது. மகனின் நோயாற் கலங்கிய தாய் பழியையும் சுமக்க நேர்ந்தது. 1966இல் லெனாட் ஹெஸ்ரன் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தந்தது. இந்நோயுடைய தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த மூன்று நாளுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பிள்ளைகளை அவர் ஆராய்ந்தார். அவருள் ஐவர்க்கு இந்நோய் உண்டானது. அவ்வாறே பிரிந்து வளர்ந்த, நோயில்லாத் தாயரின் பிள்ளைகள் 50 பேரில் ஒருவர்க்கேனும் உண்டாகவில்லை. வளர்ப்பின் குறை அன்று, மரபின் பங்கே இங்குத் தெரிகின்றது. எனினும் மரபு மட்டுமே முழுக்காரணமாகாது. ஒரே கருவிற் பிறந்த இரட்டையருள் ஒருவர்க்கு இந்நோய் தோன்றினும், மற்றவர்க்கும் தோன்றுவது ஏறக்குறையப் பாதிப் பேரிடத்திலேயே. மரபுப் பொருளில் இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களை 2022இல் அறிஞர் சுட்டினர். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. 1944–45ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தில் நிகழ்ந்த கடும் பஞ்சக் காலத்திற் கருவுற்றுப் பிறந்தோரிடத்து இந்நோய் ஏறக்குறைய இருமடங்காகக் காணப்பட்டது. கஞ்சா மிகுதியாகப் பயன்படுத்திய இளைஞரிடத்தும் நோய் மிகுதல் சுவீடன் நாட்டுப் படைவீரரைப் பற்றிய ஆராய்ச்சியால் 1987இல் வெளிப்பட்டது. பல சிறு காரணங்கள் கூடும்போதே நோய் விளைகின்றது என்பது இன்றைய முடிபு.

குடும்பம் நோயை விளைப்பதன்று எனினும், நோயாளன் நலம் நிலைத்தற்குக் குடும்பத்தின் பங்கு பெரிது. ஜோர்ஜ் பிறவுணும் உடனுழைத்தோரும் இலண்டனில் நடத்தி 1972இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை விளக்கும். வைத்தியசாலையினின்றும் வீடு திரும்பியோருள், ஓயாது குறைகூறும் அல்லது அளவிறந்து தலையிடும் இல்லத்திற் புகுந்தோரில் நூற்றுக்கு 58 பேர் ஒன்பது மாதத்துள் மீண்டும் நோயுற்றனர். அமைதியான இல்லத்திற் புகுந்தோரில் நூற்றுக்கு 16 பேரே அவ்வாறாயினர். ஆகவே குடும்பத்தாரைக் கடிதல் பயனற்றது. நோயின் இயல்பை அவர்க்கு விளக்கித் துணைநிற்றலே பயனுடையது. அவ்வாறு கற்பிக்கும் முறைகள் நோய் மீளுதலைக் குறைப்பதும் பின்னர் நிறுவப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆராய்ச்சியில், இந்தியாவில் ஆக்ரா, நைஜீரியாவில் இபாதான் முதலிய இடத்து நோயாளர் செல்வ நாட்டு நோயாளரினும் நன்கு தேறியது கண்டு அறிஞர் வியந்தனர். இலங்கையில் நோயாளரை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்த நான்சி வாக்ஸ்லரும் 1979இல் இத்தகைய முடிபையே எழுதினார். நோயுற்றவனை நோயாளன் என்றே முத்திரையிட்டு விலக்காது, வீட்டிலும் வயலிலும் இடமளிக்கும் சமூக வாழ்வு இதற்குக் காரணமாகலாம் என்பது அவர் கருத்து. இம்முடிபுகளைப் பிற்காலத்தோர் சிலர் ஐயுற்றனர். கீழைநாட்டார் இது கொண்டு பெருமிதம் அடைதற்கும் இடமில்லை. 2001 ஆகத்து 6ஆம் நாள், தமிழ்நாட்டில் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைத் தங்கவைத்த கொட்டகையொன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓடவியலாது 28 பேர் மாண்டனர். இடமளிப்பதும் இச்சமூகமே, சங்கிலியிடுவதும் இச்சமூகமே.

கணிதமேதை ஜோன் நாஷின் வாழ்க்கை இவ்வரலாறு முழுவதையும் தன்னுள் அடக்கியது. 1959இல் நோயுற்ற அவர்க்கு 1961இல் இன்சுலின் மயக்கச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அளித்த இடம் கொட்டன் ஆண்ட அதே திரென்டன் வைத்தியசாலை; காலமோ அச்சிகிச்சையின் பயனின்மை நிறுவப்பட்டு நான்கு ஆண்டின் பின். பல ஆண்டு கலங்கித் திரிந்த அவரைப் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தார் வெளியே தள்ளவில்லை. நூல்நிலையத்திலும் கூடங்களிலும் உலவ இடமளித்தனர். மெல்ல மெல்லத் தேறிய அவர் 1994இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். எல்லோரும் அவர்போல் தேறுவர் என்றோ, அவரைப்போல் மருந்தை விட்டும் தேறலாம் என்றோ கொள்ளுதல் தவறாகும். ஆயினும் இந்நோயுற்றோருள் குறைந்தது மூவரில் ஒருவர் முற்றாக நலமடையக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

ஜப்பானிய உளமருத்துவர் 2002இல் இந்நோய்க்கு வழங்கிய ‘உள்ளம் பிளவுற்ற நோய்’ என்னும் பெயரை நீக்கி, ‘ஒருங்கிணைவு குன்றிய நிலை’ எனப் பொருள்படும் புதுப்பெயரை இட்டனர். பழைய பெயரை நோயாளர்க்கு வெளிப்படச் சொல்லவும் மருத்துவர் கூசினமையே காரணம். பெயர் மாறிய பின் நோயை நோயாளர்க்கு எடுத்துரைக்கும் வழக்கம் பெருகியது. குன்றிய ஒருங்கிணைவு மீளவுங் கூடும் என்னும் குறிப்பு புதுப்பெயரில் உண்டு. நோய் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்குதற்கும் இடைப்பட்ட காலம் நீளும்தோறும் தேறுதல் கடினமாகின்றது. ஆதலால், திடீரெனப் பின்னடைந்து ஒதுங்கும் மாணவனைச் சோம்பன் என்று கடியுமுன், அருகழைத்து அவன் பேச்சைக் கேட்டு, பெற்றோர்க்கு அறிவித்து, தக்க வைத்தியரிடம் காலந்தாழ்த்தாது அனுப்புதல் கற்றோர் கடனாகும். புளொய்லர் ரைனோத் தீவிலே முதன்முதற் செய்ததும் அவ்வாறு அருகிருந்து கேட்டதேயாகும்.